அப்பா சுமந்து வந்த கல்

கேள்வி: என் அப்பா ஒரு மாணிக்கக்கல் வியாபாரியிடம் வேலை செய்தவர். மடகஸ்கார் போய் வந்தபோது ஒரு லாப்ரடோரைட் கல் கொண்டுவந்தார். உரித்த தேங்காய் அளவு, இரண்டு கிலோவுக்குக் கிட்ட. முன்பக்கம் கண்ணாடி போல மினுக்கியது, பின்பக்கம் சொரசொரப்பு. பார்த்தால் சாம்பல் நிறம், கொஞ்சம் திருப்பினால் நீலம் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். அடுத்த மாதம் அப்பாவின் ஆண்டுத் திவசம். வீடு எனக்குச் சீதனமாக வந்தது. அம்மாவும் கல்லும் என்னோடுதான். கனடாவில் இருக்கும் தங்கச்சி, கல்லை வெட்டி ஆளுக்கொரு பென்டன் செய்வோம் என்கிறாள். தம்பி, விற்றுப் பங்கிடுவோம் என்கிறான். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. வெட்டலாமா, அப்படியே வைக்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

அன்புத் தங்கச்சி,

மினுக்கிய அந்த முன்பக்கத்தில் வாள் படவே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் ஒரு தடவை வெட்டக் கொடுத்து இழந்தவள்.

இருபது வருஷத்துக்கு முன் இதே இனக் கல் ஒன்று என்னிடம் இருந்தது, தீப்பெட்டி அளவில். தோடு செய்ய ஆசைப்பட்டு ஒரு பட்டறையில் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துப் போனால், பஞ்சில் பொதிந்து இரண்டு கல் தந்தார்கள். வடிவில் ஒரு குறையும் இல்லை. நிறம்தான் இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், காதோரம் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். வெறும் சாம்பல். நன்றாகச் சரித்தால் மட்டும் விளிம்பில் நூல் போல ஒரு நீலக்கோடு. வெட்டியவர் நல்ல கைகாரர்தான். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று அவர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தக் கல்லின் நீலம் சாயம் போல உள்ளே ஊறிக் கிடப்பதில்லை. வாவிக்கரையில் எஞ்சின் வள்ளங்கள் கட்டும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்து, நிற்கிற இடத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையுமாக மாறும். கிட்டத்தட்ட அதே சங்கதிதான் கல்லுக்குள்ளும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலங்கள் ஒரே திசையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போதுதான் நிறம் பிறக்கிறது. அந்த அடுக்குக்குச் சமாந்தரமாக வெட்டினால் கல் எரியும், சரிவாக வெட்டினால் அணைந்துவிடும். அப்பாவின் கல்லை மினுக்கியவர், யாரோ எங்கேயோ, அந்தத் திசையைத் தேடிப் பிடித்து முகம் வைத்திருக்கிறார். நீங்கள் பார்க்கிற நீலத்தில் பாதி அவருடைய கண்.

அப்புறம், இந்தக் கல் இரண்டு திசையில் லேசாகப் பிளக்கும். துண்டுதுண்டாகப் போடப்போட ஆபத்தும் கூடும். ஒவ்வொரு வெட்டுக்கும் வாள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கல்லைத் தூளாக்கிவிடும், பிறகு தேய்ப்பில் இன்னும் கொஞ்சம் போகும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. இது நீலக்கல் விலைக்குப் போகிற சாமான் அல்ல. மடகஸ்காரில் இது தாராளமாகக் கிடைக்கிறது, மூன்றாகப் பங்கிட்டால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. 1998இல் அந்த நாட்டின் இலகாகா என்ற ஊரில் நீலக்கல் கிடைத்த பிறகு நம் நாட்டு வியாபாரிகள் நிறையப் பேர் அங்கே போனார்கள். நீலக்கல் தேடிப் போகிற நாட்டில், பெரிய விலை இல்லாத இரண்டு கிலோவை உங்கள் அப்பா தூக்கி வந்திருக்கிறார். மனதுக்குப் பிடிக்காமல் அதை யார் சுமப்பார்?

உங்கள் தங்கச்சியின் பேச்சைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். நம் பக்கத்து வழக்கப்படி வீடு உங்களுக்கு வந்தது, வீட்டோடு அம்மாவும் கல்லும் வந்தன. அது நியாயமாகவே நடந்திருக்கலாம். ஆனால் அவளிடம் அப்பாவின் கை பட்ட சாமான் ஏதாவது இருக்கிறதா? அவள் கேட்பது நகை இல்லை என்று நினைக்கிறேன். நகைக்கென்றால் இதே கல்லில் பென்டன் கடையில் கொஞ்சக் காசுக்கு வாங்கலாம்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். காலை வெயிலில் கல்லை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். சொரசொரப்பான பின்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்து, மெதுவாகச் சரித்துச் சரித்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை, மினுக்காத கல்லிலும் நீலம் தெரியலாம். தெரிந்தால், அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பின்னாலிருந்து ஒரே ஒரு மெல்லிய பலகை, முன்முகத்துக்குச் சமாந்தரமாக, எடுக்கச் சொல்லலாம். அதில் இரண்டு மூன்று பென்டன் கல் வரும், முன்முகம் அப்பா பார்த்தபடியே இருக்கும். கொடுப்பதற்கு முன் இருட்டறையில் டோர்ச் அடித்து, வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். நீலம் வெடிப்போடு இருந்தாலும், நீலமே தெரியாவிட்டாலும், பேசாமல் உள்ளே கொண்டுபோய் வையுங்கள். பட்டறையில் கொடுப்பதானால் கூடவே நின்று, அவர் கல்லை நனைத்துத் திசை பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காதவரிடம் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சி மோதிரம் கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 6 முதல் 6.5, நம் கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கையில் போட்டால் சீக்கிரம் கீறிவிடும். கழுத்துக்கு நல்லது. இன்னொன்றும் அவளுக்குச் சொல்லுங்கள்: இந்தக் கல்லுக்குப் பெயர் வந்ததே கனடாவின் லாப்ரடோர் கரையிலிருந்துதான்.

வீட்டில் இருப்பதற்கும் அதே கவனம் வேண்டும். தூசியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசியிலும் மணல் இருக்கும். தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். குத்துவிளக்கு மினுக்குகிற கையோடு இதற்கும் தேசிக்காய், புளி போட்டுவிட வேண்டாம், புளிப்பு இந்தக் கல்லுக்கு ஆகாது. கூரையில் எரிகிற டியூப் லைற்றில் பாதி அழகு தெரியாது. பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு, அல்லது ஜன்னல் வெளிச்சம், அது போதும்.

அம்மா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டவா, விற்கவா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வேறு மாதிரிக் கேளுங்கள். அப்பா எந்த நேரத்தில், எங்கே இருந்துகொண்டு இந்தக் கல்லைப் பார்ப்பார் என்று கேளுங்கள். திவசத்துக்கு முன் கல்லை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள்.