தொலைதூர முயல் வேட்டைக்கு எந்த ரைஃபிள் ஸ்கோப் ஏற்றது?

ஆஸ்திரேலியாவில் உரிமத்துடன் பண்ணை முயல்களைச் சுடும் உங்கள் அண்ணனுக்கு, 300 மீட்டர் வரை எந்த ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருந்தும் என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

உருப்பெருக்கத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். 50 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட ஸ்கோப்பை 25 மடங்கில் வைத்தால், கண்ணை எட்டும் ஒளிக்கற்றையின் விட்டம் 2 மில்லிமீட்டராகக் குறுகி, முயல்கள் மேய வரும் அந்தி நேரத்தில் காட்சி மங்கிவிடும்; வெயிலிலோ, நம் விரைவுச்சாலைகளில் நண்பகலில் தெரிவதுபோன்ற கானல் அலையையும் அது பெரிதாக்கிக் காட்டும். 4 முதல் 16 மடங்கு வரை மாற்றக்கூடியதே என் தேர்வு.

இடமாறு தோற்றப்பிழையைச் சரிசெய்யும் குமிழ் கட்டாயம் தேவை. அது இல்லையென்றால், கண் சற்று விலகினாலே குறிக்கோடு இலக்கைவிட்டு நகர்ந்து தெரியும். சிறிய விலங்கு உடனே சாகாமல் காயத்தோடு தவிக்க அதுவே போதும்.

உயரம் திருத்தும் குமிழின் ஒவ்வொரு கிளிக்கும் 0.1 மில் (மில் என்பது ஒரு கோண அளவு) என்றால், குண்டு படும் இடம் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டரும் 300 மீட்டரில் 3 சென்டிமீட்டரும் மாறும்.