சவுல் சந்தேகப்பட்டதுல என்ன தப்பு?

கேள்வி: எங்க எஸ்டேட் பக்கத்து சர்ச்ல போன ஞாயிறு இஸ்ரவேலோட முதல் ராஜா சவுல் பத்தி பிரசங்கம். எனக்கு ஒரு டவுட். தீர்க்கதரிசி சாமுவேல் தாவீதை அடுத்த ராஜான்னு ரகசியமா அபிஷேகம் பண்ணது உண்மை, சவுலோட சொந்தப் பையன் யோனத்தானே தாவீதுகூட உடன்படிக்கை பண்ணதும் உண்மை. அப்ப அந்த மனுஷன் சந்தேகப்பட்டதுல என்ன சார் தப்பு?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பாதி உங்க பக்கம்தான் நியாயம். பிரசங்கம் பண்றவங்க எல்லாரும் "சவுல் கொன்னது ஆயிரம், தாவீது கொன்னது பதினாயிரம்"னு பொம்பளைங்க பாடுன பாட்டோட நிறுத்திக்கிறாங்க, வெறும் பொறாமைன்னு முடிச்சுடறாங்க. ராஜ்யம் கைவிட்டுப் போகுதுன்னு சாமுவேல் நேராவே சொல்லிட்டாரு, அதனால பயம் ஆதாரமில்லாத பயம் இல்ல.

ஆனா பைபிள்ல 1 சாமுவேல் 22ஐ எடுத்துப் படிங்க. கிபியாவுல ஈட்டியைக் கையில புடிச்சுகிட்டு உக்காந்து, சுத்தி நிக்கிற பென்யமீன் ஆளுங்கள, அதாவது சொந்த கோத்திரத்தையே, கேக்கறாரு: ஈசாயோட மகன் உங்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் குடுப்பானா, எல்லாரும் சேர்ந்து எனக்கு எதிரா சதி பண்ணிட்டீங்க, எனக்காக வருத்தப்பட ஒருத்தன்கூட இல்லையேன்னு. தாவீதுன்னு பேரைக்கூட சொல்ல வாய் வரல பாருங்க. பையன் உடன்படிக்கை பண்ணது நிஜம், ஆனா என்னைக் கொல்ல ஆள் தூண்டிவிட்டான்ங்கறது இவரா சேர்த்துகிட்டது. நம்ம லீ பஜார்ல ஒரு மண்டி முதலாளிக்கு குமாஸ்தா மேல ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா கணக்கு சரியா இருந்தாலும் "எவ்ளோ சாமர்த்தியமா சரி பண்ணிருக்கான் பாரு"ம்பாரு, அந்த கதைதான்.

அப்ப வாயத் தொறந்தவன் சவுலோட வேலைக்காரன், ஏதோமியன் தோவேக்கு. நோபு ஊர்ல ஆசாரியர் அகிமெலேக்கு தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தோட வாளும் குடுத்தாருன்னான். குடுத்தது உண்மைதான், ஆனா ராஜா வேலையா வந்திருக்கேன்னு தாவீது பொய் சொல்லித்தான் வாங்குனான்ங்கறது மட்டும் அவன் வாயில வரல. ஆசாரியரோ பாவம், தாவீது உங்க மருமகன், உங்க ஆளுங்கள்லயே அவனை மாதிரி உண்மையுள்ளவன் யாருன்னு ராஜா மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாரு, அவ்ளோதான், மரண தீர்ப்பு. காவலாளிங்களே ஆசாரியர் மேல கை வைக்க மாட்டோம்னு நின்னுட்டாங்க, தோவேக்குதான் வெட்டுனான், ஒரே நாள்ல 85 ஆசாரியருங்க. ஊர்ல குழந்தைங்க, ஆடு மாடு, கழுதை வரைக்கும் விடல. அமலேக்கியர் கிட்ட நல்ல ஆடு மாட்டையும் ராஜா ஆகாகையும் தப்ப விட்டதே இதே சவுல்தான்! எதிரிகிட்ட காட்டுன தாட்சண்யம் சொந்த ஊர்கிட்ட இல்ல. தப்பு எங்கன்னு கேட்டீங்கல்ல சார், இங்கதான்.

கேள்வி: யோனத்தான் செஞ்சது அப்பாவுக்கு துரோகம் இல்லையா?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: இல்லம்மா. தகவல் சொல்லி நண்பனைத் தப்ப வச்சான், ஆனா அப்பாவை விட்டுப் போகல. பெலிஸ்தர் சண்டையில கில்போவா மலையில அப்பாவும் பையனும் ஒரே நாள்ல செத்தாங்க.

கேள்வி: தாவீது மட்டும் ராஜாவானதும் யாரையும் சந்தேகப்படலையா?
- ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: பட்டாரே! அதுவும் அந்த யோனத்தான் பையன், கால் ஊனமான மேவிபோசேத்து மேலயே. மகன் அப்சலோம் கலகம் பண்ணி தாவீது எருசலேமை விட்டு ஓடுனப்ப, மேவிபோசேத்தோட வேலைக்காரன் சீபா வந்து "தகப்பன் வீட்டு ராஜ்யம் தனக்கு திரும்பக் கிடைக்கும்னு எருசலேம்லயே உக்காந்துட்டான்"னு சொன்னதும் விசாரிக்காம சொத்து பூரா சீபாவுக்குன்னுட்டாரு, அப்புறம் மேவிபோசேத்து வந்து நடந்ததைச் சொன்னப்பவும் முழுசா திருப்பித் தரல, நிலத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்கன்னுட்டாரு.