எதுக்கு வம்பு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மகனுக்காகத் தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்குகிறோம். என் கணவர் சாமி கும்பிடாதவர். ஜாதகம் பார்க்காமல்தான் மகளுக்குக் கல்யாணம் செய்தார். பத்திரப்பதிவுக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டோக்கன் கிடைத்தது. ராகுகாலம் என்று அவரே அதை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டார். கேட்டால் "எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனா எதுக்கு வம்பு?" என்கிறார். இவர்களெல்லாம் நம்புகிறார்களா, இல்லையா? பால் காய்ச்சும் அன்று, கணவரை இழந்த என் நாத்தனாரைக் கொஞ்சம் தாமதமாக வரச்சொல்லலாம் என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. அதற்கும் இதே "எதுக்கு வம்பு"தான்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. ராகுவிடம் அவருக்குப் பயம் கிடையாது, சொந்தக்காரர்களிடம்தான் பயம். நாளைக்குக் குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்தால், "அன்னைக்கே நினைச்சேன், ராகுகாலத்துல போய்க் கையெழுத்துப் போட்டாரு" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா தயாராக இருக்கிறார். கட்டியவன் சிமெண்டில் மிச்சம் பிடித்தது அப்புறம் பேச்சிலேயே வராது. அந்தச் சித்தப்பாவின் வாயை அடைக்கத்தான் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கிறார். நேரம் காலம் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம் என்பதே என் எண்ணம்.

பழைய வழக்கம்தான் இது. புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார் வல்வில் ஓரியிடம் பரிசில் கேட்டு நிற்கிறார். கொடுக்காவிட்டால்? "புள்ளும் பொழுதும் பழித்தல் அல்லதை உள்ளிச் சென்றோர்ப் பழியலர்" என்கிறார். வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் தாம் கிளம்பிய நேரத்தையும் வழியில் கண்ட பறவையையும் நொந்துகொள்வார்களே தவிர, தேடிப்போன வள்ளலைக் குறை சொல்லமாட்டார்கள். அதனால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று முடிக்கிறார். வள்ளலின் மரியாதையும் போகவில்லை, புலவரின் மரியாதையும் போகவில்லை. பழி முழுக்கப் பறவை தலையில். (எனக்கென்னவோ அதில் ஒரு குத்தலும் கேட்கிறது.)

நிஜமாகவே நம்புகிறவர் என்றால் கணக்கையாவது ஒழுங்காகப் போடுவார். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு என்று ராகுகாலம் வைத்தார்கள். வெள்ளிக்கு நான்காவது பங்கு. நம் தினசரி காலண்டர் காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வருஷம் முழுக்க வைத்துக்கொண்டு 10.30 முதல் 12 வரை என்று அச்சடிக்கிறது. ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ ஆறரை ஆகிவிடும். அப்போது கணக்குப்படி ராகுகாலம் 10.45க்கு மேல் ஆரம்பித்து 12.10ஐத் தாண்டித்தான் முடியும். காலண்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக 12.05க்குக் கையெழுத்துப் போடுகிறவர் ராகுகாலத்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பாவுக்கும் அது தெரியாது என்பதால் பிரச்சினை இல்லை.

அரசாங்கமே இதற்கு அனுசரித்துப் போகிறது. முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் இருக்கிற அலுவலகங்களில் 100 டோக்கனுக்குப் பதில் 150 தருகிறார்கள். தேர்தல் வேட்புமனு வாங்கும் நேரம் சட்டப்படி காலை 11 முதல் மாலை 3 வரை. வெள்ளிக்கிழமை என்றால் 12 மணிக்கு மேல் கூட்டம் எப்படி முண்டியடிக்கிறது என்று போய்ப் பாருங்கள். எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் நான் சண்டைக்குப் போவதில்லை. வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கினால் எனக்கென்ன நஷ்டம்? ஆனால் ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைக்கிற பூசணிக்காய் வேறு கதை. திருஷ்டி கழிவது ஒருத்தருக்கு, பைக்கோடு சறுக்கி விழுவது இன்னொருத்தர்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிற நாத்தனார் விஷயமும் அப்படித்தான். டோக்கனை மாற்றியதற்கு உங்கள் கணவரின் ஒரு வாரம் செலவானது. அவர் வாரம், அவர் இஷ்டம். இங்கே செலவாகப் போவது அவருடைய கூடப்பிறந்தவளின் மானம். ஊர் வாயை அடைக்க ஓரியின் காலத்தில் பறவை இருந்தது, இப்போது அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தப் பார்க்கிறீர்கள். "கொஞ்சம் தாமதமாக" என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குப் புரியாமல் இருக்காது. எத்தனை வீட்டு விசேஷத்தில் சமையல்கட்டோடு நின்றிருப்பார்!

உங்கள் கணவர் நம்புகிறாரா என்று இனி கேட்க வேண்டாம். "உங்க தங்கச்சியை லேட்டா வரச்சொல்லி நீங்களே போன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அந்தப் போனை அவர் செய்யமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். செய்ய முடியாமல் முழித்தால், விடியற்காலையிலேயே நாத்தனாரை அழைத்துவந்து அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். சித்தப்பா ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள்.