இரண்டு மருந்து மாற்றியும் அக்காவின் மனச்சோர்வு குறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரியுமா?

கோத்தகிரியில் இருக்கும் அக்காவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு இதுதான் என்று உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்னும் இல்லை. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் சுமார் 6 வாரமாவது விடாமல் சாப்பிட்டும் பலனில்லை என்றால்தான் அந்தப் பெயரே வரும். பலர் இந்தக் கணக்கிலேயே தவறிவிடுகிறார்கள்.

முதலில் டிஎஸ்எச் (தைராய்டு மந்தமானால் கூடும் ஹார்மோன்), பி12, ஹீமோகுளோபின் பாருங்கள். தைராய்டு மந்தமும் பி12 குறைவும் மனச்சோர்வின் வேஷம் போடும். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 இறங்கலாம். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை போடுகிறாரா? குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். சில கருவிகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டி, இருக்கிற தைராய்டு மந்தத்தை மறைத்துவிடும்.

ஆய்வுகளில் அதிகம் அடிபடுவது சிஆர்பி, அதாவது உடலின் அழற்சி அளவு. 2013இல் வந்த ஓர் ஆய்வில் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து மொத்தத்தில் பலன் தரவில்லை. சிஆர்பி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலன் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. அதற்காக அந்த ஊசியைக் கேட்டுப் போகாதீர்கள், அது வழக்கமான சிகிச்சை அல்ல. சிஆர்பி அளவு 10ஐத் தாண்டினால் சளி, ஈறு வீக்கம் போன்றவை காரணமாக இருக்கலாம். ஆறியபின் 2 வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும்.

டாக்டர் கார்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) பரிசோதனை எழுதியிருந்தால் ரத்தம் காலை 8 மணி வாக்கில் எடுக்கவேண்டும். மலையிறங்கி மேட்டுப்பாளையம் போய் 11 மணிக்குக் கொடுத்தால், இயல்பாகவே இறங்கிய அளவைக் குறைவென்று படிப்பார்கள். முந்தின நாளே போய்த் தங்குங்கள்.