ஐ.எஸ். அமைப்பை வீழ்த்தியது இராணுவ பலம்தானே, பிறகு எதற்கு ‘அரசியல் தீர்வு’ என்ற பேச்சு?

2017-இல் ஈராக்கின் மோசுலும் சிரியாவின் ரக்காவும் மீட்கப்பட்டதையும், 2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸ் கிராமத்தில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பயங்கரவாத அமைப்பின் கடைசி நிலப்பகுதி வீழ்ந்ததையும் சுட்டிக்காட்டி, “இதைச் சாதித்தவை விமானங்களும் பீரங்கிகளும்தானே, பேச்சுவார்த்தைகளும் தீர்மானங்களும் அல்லவே” என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அரசியல் தீர்வு’ என்ற சொல்லை விவாதங்களில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் 2017 ஆகஸ்டு முதல் ஏறத்தாழ ஓராண்டு, மீட்கப்பட்ட மோசுல் நகரின் குடிநீர் நிலையங்களில் பம்புகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராக வேலை செய்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைப் பேசாமல் கடந்துபோக என்னால் இயலவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், ஆபத்தில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அகிம்சை பேசுகிறவன் என்று சிலர் என்னை எண்ணக்கூடும். 2014 ஜூன் 10 அன்று மோசுல் வீழ்ந்தபோது நான் வடக்கு ஈராக்கின் குர்து நகரமான எர்பிலில் இருந்தேன். மோசுலில் கட்டட வேலைக்கு வந்திருந்த இந்தியத் தொழிலாளர்கள் 40 பேர் அந்த நாள்களில் கடத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும் தப்பி வந்தார். மற்ற 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்பது 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அவர்களில் எவரையும் நான் அறியேன். ஆனாலும் அவர்களும் நானும் ஒரே காரணத்துக்காகத்தான் அந்த நாட்டுக்குப் போனோம். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஐ.எஸ். படை எர்பிலை நெருங்கியது. ஆகஸ்டு 8 அன்று அமெரிக்க விமானங்கள் தாக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த முன்னேற்றம் நின்றது. சிஞ்சார் மலையில் தண்ணீரின்றித் தவித்த யஜிதி என்ற சிறுபான்மைச் சமய மக்களுக்கு வழி திறந்ததிலும் அந்தத் தாக்குதல்களுக்குப் பங்குண்டு. ஆகவே இராணுவ பலம் வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது வந்திராவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே ஐயம்.

ஆனால் அந்த விமானங்களும் அரசியல் இல்லாமல் பறக்கவில்லை. சிறு சிறு தாக்குதல்களாக இருந்தவை பெரும் படைநடவடிக்கையாக விரிவடைந்ததற்குமுன், சன்னி முஸ்லிம் மக்களின் நம்பிக்கையை முற்றிலும் இழந்திருந்த நூரி அல் மாலிகி ஈராக் பிரதமர் பதவியிலிருந்து விலக வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஹைதர் அல் அபாதியின் அரசு அமைந்த பிறகே ஐ.எஸ்.ஸுக்கு எதிரான பன்னாட்டுக் கூட்டணி உருவாயிற்று. ஈராக்கில் தாக்குவதற்கான சட்ட அடிப்படையும் அந்நாட்டு அரசு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்திலிருந்துதான் வந்தது. அதே செப்டம்பரில் அந்தக் கவுன்சிலில் நிறைவேறிய 2178-ஆம் தீர்மானம், பயங்கரவாத அமைப்புகளில் சேர்வதற்காக வெளிநாடு செல்வதைக் குற்றமாக்கும்படி எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. வானிலிருந்து எத்தனை பேரைக் கொன்றாலும், எல்லை வழியாகப் புதியவர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் அந்தக் கணக்கு தீராது. நீங்கள் இகழும் தீர்மானங்கள் அந்த வழியை அடைக்கும் வேலையைச் செய்தன.

இதற்குமுன் இதே மண்ணில் ஒருமுறை வெற்றி கிடைத்துக் கைநழுவியதையும் நினைவுபடுத்துகிறேன். 2007-இல் அமெரிக்கா கூடுதல் படைகளை அனுப்பியபோது, அல் காய்தாவை எதிர்த்துத் திரும்பிய சன்னி பழங்குடியினரின் ‘சஹ்வா’ படையினர் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் அமெரிக்கச் சம்பளத்தில் போரிட்டார்கள். வன்முறை வெகுவாகக் குறைந்தது. பிறகு அவர்களின் பொறுப்பு பாக்தாத் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது, சம்பளம் தாமதமாயிற்று, அரசுப் படையிலும் அலுவலகங்களிலும் இடம் தருவதாகச் சொன்னது பெரும்பாலானோருக்கு நிறைவேறவில்லை. 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. இரண்டரை ஆண்டுகளில் மோசுல் போயிற்று. போர்க்களத்தில் வென்றதைச் சம்பளப் பட்டியலில் இழந்த கதை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். அப்படிப் புரிந்துகொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பம்பு ஆபரேட்டர்.

டைகிரிஸ் நதிக்கரையிலிருந்த ஒரு நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். ஐம்பத்தெட்டு வயது, முப்பது ஆண்டுகளாக அதே நிலையத்தில் வேலை. முதல் பம்பைத் திறந்தபோது, தண்டிலிருந்து நீர் கசியாமல் தடுக்கும் பாக்கிங் இருக்க வேண்டிய இடத்தில், திரித்த பருத்திக் கயிறு கொழுப்பில் ஊறிக் கருத்துச் சுருண்டிருந்தது. உதிரிப்பாகம் எதுவும் நகருக்குள் வராத காலத்தில் அவர் தம் கையால் திரித்து அடைத்தது அது. அதைக் கொண்டே இரண்டாண்டுக்கு மேல் அந்தப் பம்பு ஓடியிருக்கிறது. தண்டின் உறையில் விரல் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்ததே தவிர, தண்டு வளையவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய அக்கறையை நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பதிவேடு இருந்தது. ஐ.எஸ். ஆட்சியின் மூன்றாண்டுகளிலும் ஒவ்வொரு நாளும் பம்பு ஓடிய மணிநேரம், அம்மீட்டர் அளவு, கரைத்த படிகாரத்தின் மூட்டை எண்ணிக்கை, குளோரின் இருப்பு ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். 2015-ஆம் ஆண்டின் நடுவில், சம்பளப் பணத்தில் ஐ.எஸ். அமைப்பு பங்கு பிடுங்குகிறது என்பதால், அதன் பிடியிலிருந்த பகுதிகளின் ஊழியர்களுக்குச் சம்பளம் அனுப்புவதைப் பாக்தாத் அரசு நிறுத்தியது. அந்த முடிவில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின்னரும் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. 2016 நவம்பர் இறுதியில் மட்டும், சண்டையில் பெருங்குழாய் உடைந்து நகரின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் நின்றுபோன நாள்களில், எண்கள் இருக்க வேண்டிய கட்டங்களில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

நகரம் மீட்கப்பட்ட பிறகு, மீண்டும் சம்பளம் பெறுவதற்கு, ஐ.எஸ். தொடர்பு இல்லை என்ற பாதுகாப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அவருடைய அண்ணன் மகன் ஒருவன் 2014-இல் ஐ.எஸ்.ஸில் சேர்ந்து போரில் இறந்திருந்தான். அதனால் அந்தக் குடும்பப் பெயரே பட்டியலில் இருந்தது. தாம் செய்ததெல்லாம் தண்ணீர் இறைத்தது மட்டுமே என்று நிறுவுவதற்காக அந்தப் பதிவேட்டை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்தவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “மூன்றாண்டும் அவர்களுக்கு வேலை செய்தாய் என்பதற்கு நீயே எழுத்தில் சாட்சி கொண்டுவந்திருக்கிறாய்” என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “பொறியாளரே, நகரத்தில் அப்போது குழந்தைகள் இருந்தார்கள்” என்று மட்டும் சொன்னார்.

“அவர் உண்மையிலேயே குற்றமற்றவர் என்று உனக்கு எப்படித் தெரியும்” என்று இங்கே சிலர் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது, பம்பைப் பார்த்து ஆளை எடைபோடும் உரிமை எனக்கில்லை. யஜிதிப் பெண்களை அடிமைகளாக விற்றவர்களும் அதே நகரில்தான் இருந்தார்கள். அவர்களுக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும். அதனால்தான் ஆள் ஆளாக, செயல் செயலாகப் பிரித்துப் பார்க்கும் விசாரணை தேவைப்படுகிறது. சான்றுகளைத் திரட்ட 2017 செப்டம்பரில் பாதுகாப்பு கவுன்சில் ஒரு விசாரணைக் குழுவையே அமைத்தது. அதன் பணியும் 2024-இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஒரு நகரையே திருப்பிப் பிடிக்க ஒன்பது மாதம் போரிடும் பொறுமை இருந்த உலகத்துக்கு, ஒரு மனிதனின் கோப்பை ஒன்பது நிமிடம் படிக்கும் பொறுமை ஏன் இல்லாமல் போயிற்று என்பதே என் ஆதங்கம்.

பணத்திலும் இதே கதைதான். 2018 பிப்ரவரியில் குவைத்தில் நடந்த மாநாட்டில், மறுகட்டுமானத்துக்கு 8,800 கோடி டாலர் தேவை என்று ஈராக் சொன்னது. ஏறத்தாழ 3,000 கோடிக்கு உறுதி கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமும். 2017 மார்ச் 17 அன்று மோசுலின் அல் ஜதீதா பகுதியில் ஒரே தாக்குதலில் 100-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததை அமெரிக்க இராணுவமே ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட தெருக்களில் வாழ்பவர்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது தண்ணீரும் மின்சாரமும் ஆகும்.

சிரியாவின் பக்கம் திரும்பினால், உங்கள் கேள்விக்கு இன்னும் நேரடியான விடை கிடைக்கும். பாகூஸ் வீழ்ந்தபின் அல் ஹோல் முகாமில் 70,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பிடிபட்ட போராளிகள் ஆயிரக்கணக்கில் குர்துகளின் சிறைகளில் கிடந்தார்கள். தங்கள் குடிமக்களை விசாரிக்கவும் குடும்பங்களை மறுவாழ்வுக்குக் கொண்டுவரவும் பாதுகாப்பு கவுன்சிலின் 2396-ஆம் தீர்மானம் நாடுகளிடம் சொல்லியும், பல நாடுகள் அவர்களைத் திரும்ப அழைக்காமல் நாள் கடத்தின. சில நாடுகள் குடியுரிமையையே பறித்தன. 2022 ஜனவரியில் ஹசாக்கா நகரிலிருந்த அத்தகைய சிறை ஒன்றை ஐ.எஸ். தாக்கியது; நாள்கணக்கில் நடந்த சண்டையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ‘ஒழிக்கப்பட்ட’ அமைப்பு மூன்றாண்டு கழித்து அதைச் செய்ய முடிந்ததென்றால், விமானங்கள் முடித்த இடத்தில் நீதிமன்றங்கள் தொடங்கவில்லை என்பதே காரணம்.

2018 ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிந்தது. அந்த ஆபரேட்டருக்காக ஒரு சான்றுக் கடிதம் கேட்டேன். உள்ளூர் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று சொல்லி என் நிறுவனம் தன் முகப்புத் தாளைத் தர மறுத்துவிட்டது. வெற்றுத் தாளில் என் பெயருக்கு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துப் பதிவேட்டின் பின்னட்டைக்குள் செருகிக்கொண்டார். அன்று மூன்று பம்புகளில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் அம்மீட்டர் அளவைப் படித்து, அன்றைய தேதிக்கு எதிரே பென்சிலால் குறித்தார். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் அப்போதும் ஏறியிருக்கவில்லை.