'தொடரும்' எங்கே போனது?

கேள்வி: எண்பதுகளின் கடைசியில், டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில், நண்பர்களோடு பலமுறை பார்த்து ரசித்த படம் 'பேக் டு த ஃப்யூச்சர்'. மகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று, அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த மூன்று பாக டிவிடி தொகுப்பை இணையத்தில் பழையதாக வாங்கினேன். முதல் படத்தின் முடிவில் கார் பறந்து மறைந்ததும் 'தொடரும்' என்று ஆங்கிலத்தில் எழுத்து வருமே, இதில் அது இல்லை. வெட்டுப்பட்ட பிரதியைத் தலையில் கட்டிவிட்டாரா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: இந்தக் காரணத்துக்காகக் கேட்க முடியாது. 1985 ஜூலையில் தியேட்டருக்கு வந்த படத்தில் அந்த எழுத்தே கிடையாது. இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸும் அவரோடு சேர்ந்து எழுதிய பாப் கேலும் ஒரு வேடிக்கையாகத்தான் காரைப் பறக்கவிட்டார்கள். அடுத்த பாகம் எடுக்கும் எண்ணம் இருந்திருந்தால், கதாநாயகனின் காதலியை அந்தக் காரில் ஏற்றியே இருக்க மாட்டோம் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தைப் பாருங்கள்: வந்த வேகத்தில் அந்தப் பெண்ணைத் தூங்க வைத்துவிட்டுத்தான் கதையை நகர்த்துகிறார்கள்! படம் வசூலை அள்ளியதும் அடுத்த பாகம் முடிவாயிற்று. 1986இல் வீடியோ கேசட் வந்தபோது 'தொடரும்' சேர்ந்தது; 2002 டிவிடியில், தியேட்டரில் ஓடியபடியே இருக்கட்டும் என்று எடுத்துவிட்டார்கள். நீங்கள் டெக்கில் பார்த்தது கேசட் பிரதி.

உங்கள் தொகுப்பில் வேறொரு குறை இருக்கக்கூடும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தப் படங்களைப் பிடித்த ஃபிலிமில், தேவைக்கு மேல் மேலும் கீழும் கூடுதலாகப் பதிவாகியிருக்கும். தியேட்டரில் அதை மறைத்து அகலத் திரையில் காட்டுவார்கள். 2002 தொகுப்பின் அகலத்திரை டிவிடிகளில், இரண்டாம், மூன்றாம் பாகங்களில் இந்த மறைப்பு சில காட்சிகளில் இடம் பிசகிவிட்டது. திரையில் தெரிய வேண்டியது வெளியே போய்விட்டது. ரசிகர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, யூனிவர்சல் நிறுவனம் சரிசெய்த டிஸ்க்குகளை மாற்றிக் கொடுத்தது. அந்த இரண்டு டிஸ்க்குகளின் மேல்புறத்தில் பொடி எழுத்தில் ஆங்கில 'வி'யும் 2 என்ற எண்ணும் சேர்ந்து அச்சாகியிருந்தால் அவை திருத்திய டிஸ்க்குகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இல்லையென்றால்? விற்றவர் கடைக்காரர் என்றால் பேச இடமுண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. வீட்டில் கிடந்ததை விற்ற தனிநபர் என்றால் இந்தச் சட்டத்தை நம்பி இறங்க வேண்டாம். விலையில் கொஞ்சம் குறைத்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள். முதல் பாகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியதும் அதுதானே.

கேள்வி: இதே படத்தை அமெரிக்காவிலிருந்து வரும் தம்பியிடம் வாங்கிவரச் சொல்ல நினைக்கிறேன். டிவிடியா, ப்ளூ-ரேயா, 4கேயா?
- வாசகி, சேலம்

பதில்: உங்கள் வீட்டில் எந்த பிளேயர் இருக்கிறது என்று எழுதவில்லையே! உலகை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்து பிளேயரில் மட்டும் ஓடும்படி டிஸ்க்குகளைப் பூட்டி விற்பதுண்டு. டிவிடிக்கு அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அவர்கள் ஏ, நாம் சி. மண்டலம் பொருந்தாவிட்டால் டிஸ்க் ஓடாமல் போகலாம்; அட்டையின் பின்புறத்தைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. 2020இல் வந்த 4கே தொகுப்பை வாங்கலாம், ஆனால் அதற்கென்று தனி பிளேயர் வேண்டும். சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் அது ஓடாது. ஒரு படத்துக்காக பிளேயரையும் சேர்த்து வாங்குவது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

கேள்வி: செயலியில் 'வாங்கு' பொத்தானை அழுத்திப் பணம் கட்டிய படம் இப்போது என் பட்டியலில் இல்லை. நான் வாங்கியதுதானே?
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் பார்க்கும் உரிமத்தை மட்டும் கொடுத்திருப்பார்கள். அதை மறைத்து 'வாங்கு' என்று போடக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. பட்டியலில் படம் இருந்தாலும் அதே பிரதி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் மேலே சொன்ன படத்தின் இரண்டாம் பாகம், ஒரு பத்திரிகை அட்டை தெரியும் காட்சியில் மாற்றப்பட்ட பிரதியாக வந்தது. அப்படியொரு பிரதி இருப்பதே தமக்கோ இயக்குநருக்கோ தெரியாது என்றார் பாப் கேல். பிறகுதான் சரியான பிரதி ஏறியது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பணம் கட்டிய ரசீது, 'வாங்கு' என்றிருக்கும் திரையின் படம் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. நீங்கள் பொருளுக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.