டிகாஷன் நிறத்தை ஏன் பின்குறிப்பில் எழுதினீர்கள்?

கேள்வி: வயது 41. பாபநாசம் பக்கம் கிராமம். மூன்று வருடமாக ஓடுகிறேன், கொள்ளிடக் கரையில் வாரம் 40 கி.மீ. நீச்சல் பயிற்சி குடமுருட்டியில். அடுத்த மாதம் ஒரே வார இறுதியில் சனிக்கிழமை 25 கி.மீ. மலைப்பாதை ஓட்டம், ஞாயிறு டிரையத்லான் (1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்). இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன், திரும்ப வராது. கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. முழங்காலில் சொடுக்குச் சத்தம். பனியன் முழுக்க உப்புப் பூக்கிறது. வாட்ச்சில் நாடித்துடிப்பு 48. மயக்கம், நெஞ்சுவலி எதுவும் இல்லை. சனிக்கிழமை இரவு எந்த வலி மாத்திரை போட்டால் ஞாயிறு கால் தாங்கும்? பி.கு.: போன மாதம் கொல்லிமலையில் ஒத்திகை ஓடிய அன்று ராத்திரி சிறுநீர் டிகாஷன் மாதிரி போனது. மெடிக்கலில் வாங்கிய செட்டு மாத்திரை போட்டேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அப்பா சர்க்கரை நோயாளி, டயாலிசிஸில் இருந்து இறந்தவர்.

பதில்: பின்குறிப்புதான் உங்கள் கடிதம். மேலே உள்ளதெல்லாம் அதை எழுதக் கை வராமல் சுற்றிய சுற்று. கிளினிக்கிலும் இப்படித்தான். பத்து நிமிடம் முதுகுவலி பேசிவிட்டு, வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி தலையை நீட்டி "அப்புறம் டாக்டர்..." என்பார்கள். வந்த காரணம் அப்போதுதான் வெளியே வரும்.

மற்றதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நகம்: இறக்கத்தில் விரல் ஷூ முனையில் முட்டி, நகத்தடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. தானே விழும், தானே முளைக்கும், பிடுங்காதீர்கள். அடுத்த ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். முழங்கால் சத்தம், வலியும் வீக்கமும் இல்லாதவரை வெறும் சத்தம். பனியனில் பூக்கும் உப்பு உங்கள் வியர்வை உப்பு. நாடி 48, இத்தனை வருடம் ஓடுகிறவருக்கு இருக்க வேண்டியதுதான். மயக்கமோ நெஞ்சில் இறுக்கமோ இருந்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். அந்த வாட்ச்சைத் தூங்கும்போதாவது கழற்றி வையுங்கள்.

இப்போது டிகாஷன். கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் அந்தச் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்த மாட்டார் என்று நம்புகிறேன். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகும், நல்லெண்ணெய் நிறம் வரைகூடப் போகும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துச் சில மணி நேரம் போனால் தெளிந்துவிடும். பீட்ரூட் தின்றால் சிவக்கும், பி காம்ப்ளெக்ஸ் போட்டால் பளிச்சென்று மஞ்சளாகும். இவற்றில் எதுவும் டிகாஷன் ஆகாது. கடுமையாக ஓடிய ஒன்றிரண்டு நாளுக்குள், தொடை கல்லாகக் கனக்கும்போது, சிறுநீர் அந்தப் பழுப்பில் போனால் தசை உடைந்து கரைகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கசிந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. அங்கே நுண்குழாய்களை அடைக்கிறது, அவற்றின் சுவரையும் கெடுக்கிறது. நீங்கள் பார்த்த நிறம் அந்தப் புரதத்தின் நிறம்.

இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது ஓட்டக்காரர்களிடமிருந்து அல்ல. லண்டன் மீது குண்டு விழுந்த காலத்தில், இடிபாடுகளில் கைகால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு வெளியே எடுத்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சில நாளில் சிறுநீர் கறுத்து, பிறகு நின்று, இறந்துபோனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941-இல் இதை எழுதி வைத்தார்கள். நசுங்கிய தசையும், ஓடி உடைந்த தசையும் சிறுநீரகத்துக்கு ஒன்றுதான்.

மூன்று வருடம் ஓடுகிறவருக்கு இது ஏன் வந்தது? நீங்கள் பிறந்த ஊர் காரணம். நம் டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுக்கரை, அதை விட்டால் ரயில்வே மேம்பாலம். சுவாமிமலைகூட 60 படி ஏறும் கட்டுமலைதான். கொள்ளிடக் கரையில் வருடக்கணக்கில் ஓடினாலும் உங்கள் தொடைக்கு இறக்கம் என்றால் என்னவென்று தெரியாது. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது, மூச்சு வாங்கும், தசைக்குப் பெரிய சேதம் இல்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நார்கள் கிழிவது அதில்தான். பழகாத கால், 70 கொண்டை ஊசி வளைவு போட்டு ஏற்றிய ஒரு மலையிலிருந்து இறங்கி ஓடினால் வேறென்ன நடக்கும்? மூச்சு வாங்காமல் இறங்கியதால் சுலபம் என்று நினைத்திருப்பீர்கள்.

இதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். சாதாரணத் தசைவலியும் சிறிய அளவுத் தசைச் சிதைவும் எல்லா ஓட்டக்காரருக்கும் உண்டு, உடம்பே சரிசெய்துகொள்ளும். உங்கள் சிறுநீரகத்தை விளிம்புக்குத் தள்ளியது அந்தச் செட்டு மாத்திரை. அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அப்படிக் கட்டித் தரும் பொட்டலத்தில் டைக்ளோஃபினாக்கோ அசெக்ளோஃபினாக்கோ, ஏதோ ஒரு வலி மாத்திரை இல்லாமல் நான் பார்த்ததில்லை. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மடையில் நீர் குறைந்த நேரத்தில் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை அந்தக் கையைத் தட்டிவிடுகிறது. வியர்வையில் நீர் போய்விட்டது, மயோகுளோபின் வந்து குவிகிறது, அதே நேரத்தில் ஷட்டரும் இறங்குகிறது.

80 கி.மீ. ஓடியவர்களில் ஒரு பாதிக்கு அதே வகை வலி மாத்திரையான ஐபுபுரோஃபெனும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் அடிபட்டதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது, ஐபுபுரோஃபென் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு. பெரும்பாலும் லேசான பாதிப்புதான். ஆனால் அவர்கள் மறுநாள் காலை சைக்கிள் ஏறுவதற்காக அதைச் சாப்பிடவில்லை.

எனவே "எந்த மாத்திரை" என்ற கேள்விக்குப் பதில்: எதுவும் இல்லை. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பும், பின்பு சிறுநீர் தெளிவாகத் தாராளமாகப் போகும்வரையும் அந்த வகை மாத்திரையே வேண்டாம், ஊசியும் வேண்டாம். தாங்க முடியாத வலி என்றால் பாராசிட்டமால், அளவோடு. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற கால், ஓடக் கூடாத கால்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பையன், 22 வயது, சில வருடம் முன்பு என்னிடம் வந்தான். நண்பர்களோடு பந்தயம் போட்டு ஒரே நாளில் 400 பஸ்கி. மறுநாள் சிறுநீர் பழுப்பு. சூடு என்று முடிவு செய்து வீட்டில் இளநீர் கொடுத்திருக்கிறார்கள், வாழைத்தண்டுச் சாறு கொடுத்திருக்கிறார்கள், வலிக்கு இடுப்பில் ஒரு ஊசியும் எங்கோ போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் சுத்தமாக நின்ற பிறகு தூக்கி வந்தார்கள். தஞ்சாவூருக்கு அனுப்பி, சில முறை டயாலிசிஸ் செய்து, பிழைத்துக்கொண்டான். இன்று நன்றாக இருக்கிறான். முதல் நாள் வந்திருந்தால் சலைன் பாட்டிலோடு முடிந்திருக்கும்.

இளநீர் விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல நாளில் இளநீர் அருமையானது, நானும் குடிக்கிறேன். ஆனால் ஓர் இளநீரில் ஏறக்குறைய அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. உடைந்த தசையும் பொட்டாசியத்தைத்தான் ரத்தத்தில் கொட்டுகிறது, அதை வெளியேற்றும் சிறுநீரகம் அப்போது படுத்துக் கிடக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நிற்கவும் செய்யும். டிகாஷன் நிறம் கண்ட அன்று இளநீர், வாழைத்தண்டு, வாழைப்பழம் எதுவும் வேண்டாம். யூடியூபில் ஒருவர் சிறுநீரகத்தைக் "கழுவ" ஆறு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறாராம், அதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வந்த ஓட்டக்காரர்கள் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அன்றே. வாந்தி இருந்தாலோ, சிறுநீர் அளவு குறைந்தாலோ, தொடை இறுகி வீங்கினாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். அங்கே போய் "ஓடினேன், சிறுநீர் இந்த நிறம்" என்று முதலில் சொல்லுங்கள், கால்வலி என்று ஆரம்பித்தால் வலி ஊசிதான் கிடைக்கும். சி.பி.கே. (தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை நான்கையும் கேளுங்கள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை ரத்தம் என்று காட்டும், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இருக்காது. அந்த முரண்பாடுதான் எங்களுக்குத் துப்பு.

இரண்டு நாளில் நிறம் தெளிந்ததால் சரியாகிவிட்டது என்கிறீர்கள். மயோகுளோபின் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், தசை ஆற வாரக்கணக்காகும். தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு போட்டியும் ஒரே வார இறுதியில் மனிதனால் முடியுமா என்றால், முடியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மலையில் பழகிய கால் அவர்களுடையது. சனிக்கிழமை இறக்கத்தில் உடைந்த தசையின் சி.பி.கே. உச்சத்துக்குப் போவது அடுத்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள். அதாவது நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில், சைக்கிளிலிருந்து இறங்கி, கடைசி 10 கி.மீ. ஓடும் நேரம். உங்கள் நிலையில் மலையை விட்டுவிடுங்கள். டிரையத்லானில் நீச்சலும் சைக்கிளும் இப்படி நார் கிழிக்கிற வேலை இல்லை, ஓட்டமும் சமதளம். அதுவும் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் மட்டும். மலை ஆசை விடாது என்றால் அடுத்த வருடம். அதற்குள் வாரம் ஒரு முறை மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள், மாதம் ஒரு முறை திருச்சி மலைக்கோட்டைக்குப் போய்ப் படியிறங்குங்கள். தசை ஒரு தடவை கொஞ்சமாக அடிபட்டால் அடுத்த சில வாரம் அதே அடியைத் தாங்கப் பழகிக்கொள்ளும். பத்து நிமிட இறக்கத்தில் தொடங்கினால் போதும்.

குடமுருட்டி நீச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் சம்பா வயல் வடிகால் எல்லாம் எங்கே வந்து விழுகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலியின் சிறுநீரும் அதோடுதான் வருகிறது. 1998-இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஏரி ஒன்றில் 876 பேர் கலந்துகொண்ட டிரையத்லானுக்குப் பிறகு ஏராளமானோருக்கு எலிக் காய்ச்சல் வந்தது, முன்னதாகக் கனமழை பெய்திருந்தது, ஏரித் தண்ணீரை விழுங்கியவர்கள் அதிகம் மாட்டினார்கள். அதிலும் கெண்டைக்கால் பிடுங்கும், சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் கெடும். வித்தியாசம், காய்ச்சலும் கண் சிவப்பும். ஆற்றில் இறங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கால்வலி வந்தால் அதை ஓட்டத்தின் மேல் போட வேண்டாம். மழை விட்டுத் தண்ணீர் தெளியும்வரை, காலில் வெட்டுக்காயம் ஆறும்வரை, நீச்சல் குளம் தேடிப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் கேட்டது. அப்பாவின் சிறுநீரகத்தைத் தின்றது சர்க்கரை, வருடக்கணக்கில், சத்தமில்லாமல். உங்களுக்கு நடந்தது ஒரு ராத்திரி விபத்து. இது அதன் ஆரம்பம் இல்லை. அவரிடமிருந்து உங்களுக்கு வரக்கூடியது சர்க்கரை, அதனால் ஹெச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் வருடம் ஒரு முறை பாருங்கள். டிகாஷன் நிறம் இன்னொரு தடவை, அதுவும் லேசான ஓட்டத்திலேயே வந்தால், தசை நொதிக் குறைபாடு பரம்பரையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஐந்து நாள் ஓடாமல், சைக்கிள் மிதிக்காமல் இருந்துவிட்டு சி.பி.கே., கிரியாட்டினின், சிறுநீர் மூன்றும் பாருங்கள். ஓடிய மறுநாள் எடுத்தால் எண்ணைப் பார்த்து நீங்களும் பயப்படுவீர்கள், லேப்காரரும் பயப்படுவார். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். இந்தத் தடவை முக்கியமானதை முதல் வரியில் எழுதுங்கள், நகத்தைப் பின்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம்.